ரான்ஸ்: எண்ணெய்க் குப்பி உடைந்த ஊர்

புதுச்சேரி டுமாஸ் வீதியில், கப்ஸ் கோயில் என்று நாங்கள் அழைக்கும் சம்மனசுகளின் மாதா ஆலயத்துக்கு எதிரே, கடல் பக்கமாக உள்ள சிறு பூங்காவில் ஒரு பெண்ணின் பளிங்குச் சிலை நிற்கிறது. ஞாயிறு பூசை முடிந்து பெரியவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதன் வேலியைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். பள்ளிப் பாடத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் என்று வந்த பெண்ணும், பிரெஞ்சில் ழான் தார்க் என்று சொல்லப்படுபவளும், எங்கள் பூங்காச் சிலையும் ஒருத்தியே என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவள் ஓர் இளவரசனை எங்கோ அழைத்துக்கொண்டு போய் அவனுக்கு முடிசூட்டச் செய்தாள் என்று பாடம் சொன்னது. அந்த 'எங்கோ'தான் ரான்ஸ்.

எழுத்துக்கூட்டிப் படித்தால் இந்த ஊரின் பெயர் 'ரெய்ம்ஸ்' என்றுதான் வரும். பிரெஞ்சுக்காரர்கள் மூக்கால் இழுத்து 'ரான்ஸ்' என்கிறார்கள். தமிழில் 'பிரான்ஸ்' என்பதன் முதல் எழுத்தை விழுங்கிவிட்டுச் சொன்னால் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். இது தெரியாத நாளில் பயணச்சீட்டு முகப்பில் நின்று நான் உச்சரித்த உச்சரிப்புக்கு, நாட்டின் எதிர்க்கோடியில், மேற்கே பிரித்தானி பக்கம் இருக்கும் 'ரென்' நகருக்குச் சீட்டு வரப் பார்த்தது. விலையைப் பார்த்துத் திடுக்கிட்டதால் தப்பித்தேன்.

பாரீஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் கார் து லெஸ்ட் என்னும் கிழக்கு ரயில் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து அதிவேக ரயிலில் ரான்ஸுக்கு 45 நிமிடம். லா சப்பலில் வாங்கிய ரோல்ஸ் சூடு ஆறுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. ஆனால் ரயிலேறுவதற்கு முன் அந்த நிலையத்தின் கூடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 1914 ஆகஸ்டில் போர்முனைக்குப் புறப்படும் வீரர்களை அவர்களுடைய குடும்பத்தார் வழியனுப்பும் காட்சி பெரிய ஓவியமாக அங்கே தொங்குகிறது. ஆல்பர்ட் ஹெர்ட்டர் என்ற அமெரிக்க ஓவியர், பிரான்ஸில் போரில் இறந்த தன் மகனின் நினைவாக அதை வரைந்து 1926-இல் கொடுத்தார். அடியில் அவசரமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களில் எவரும் அதைப் பார்ப்பதில்லை. நான் அதைப் பார்த்துவிட்டு ரயிலேறிய முறைதான் ரான்ஸ் எனக்குச் சரியாகப் புரிந்தது.

பிரான்ஸின் அரச நகரங்கள் என்றால் நம்மவர்களுக்கு முதலில் வெர்சாய் நினைவுக்கு வரும்: கண்ணாடிக் கூடம், தோட்டங்கள், பதினான்காம் லூயி. ரான்ஸில் அப்படி எதுவும் இல்லை, ஏனெனில் இந்த ஊரில் எந்த அரசரும் தங்கி ஆளவில்லை. ஒவ்வொருவரும் சில நாட்களுக்கு வந்தார், அரசராகத் திரும்பிப் போனார். 816-இல் பக்தியாளர் லூயியில் தொடங்கி 1825-இல் பத்தாம் சார்ல் வரை முப்பதுக்கும் மேற்பட்ட மன்னர்கள் இங்கே பட்டமேற்றிருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டுக்குப் பிறகு, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர, வேறு ஊரில் அதைச் செய்துகொள்ளும் துணிவு எவருக்கும் வரவில்லை.

காரணம் ஒரு குப்பி எண்ணெய். ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் நாளில், பிராங்க் இனத்தாரின் தலைவன் குளோவிஸுக்கு ரான்ஸ் ஆயராக இருந்த புனித ரெமி திருமுழுக்கு அளித்தார். அது வரலாறு, ஆண்டைப் பற்றித்தான் அறிஞர்களுக்குள் தகராறு. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஹிங்மார் என்ற பேராயர் இதே ஊரில் உட்கார்ந்து எழுதியபோது கதைக்குச் சிறகு முளைத்தது: கூட்ட நெரிசலில் திருத்தைலம் ஆலயத்துக்குள் வந்து சேரவில்லை, ஆயர் வானத்தைப் பார்த்தார், ஒரு வெண்புறா தன் அலகில் தைலக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தது. அந்த எண்ணெயால் பூசப்படுபவனே உண்மையான பிரெஞ்சு அரசன், அந்த எண்ணெய் ரான்ஸில் மட்டுமே இருக்கிறது. ஓர் ஊர் தனக்கென்று எழுதிக்கொண்ட தலபுராணம் இதைவிடப் பலன் தந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இதைத் தமிழில் 'முடிசூட்டு விழா' என்று எழுதுவது வழக்கம். ஆனால் பிரெஞ்சில் அந்தச் சடங்குக்கு இருக்கும் 'சாக்ர்' என்ற பெயர் முடியைக் குறிப்பதில்லை, புனிதப்படுத்துவதைக் குறிக்கிறது. நம் 'பட்டாபிஷேகம்' என்ற சொல்தான் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கிரீடம் பிற்பாடு வருவது; அபிஷேகம்தான் மையம். அதற்காக அரசரின் மேலாடையில் மார்பு, முதுகு, தோள்கள், முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் திறப்புகள் வைத்து நாடாவால் கட்டியிருப்பார்கள். பேராயர் நாடாவை அவிழ்த்து எண்ணெய் பூசி மறுபடி மூடுவார். குப்பிக்குள் இருந்தது காலப்போக்கில் உறைந்து போன ஒரு பொருள். ஒவ்வொரு முறையும் தங்க ஊசியால் துளியளவு சுரண்டியெடுத்துப் புதுத் தைலத்தில் குழைத்தார்கள். அது குறைவதே இல்லை என்று மக்கள் நம்பினார்கள். துளியளவுதான் எடுத்தார்கள் என்பதால் நம்புவதில் சிரமமும் இருந்திருக்காது.

அபிஷேகம் நடக்கும் பேராலயத்தில் குப்பி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊரின் தெற்கே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, புனித ரெமியின் கல்லறை இருக்கும் மடத்தில் அது பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பட்டாபிஷேக நாளன்று மடாதிபதி குப்பியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வெள்ளைக் குதிரையில், விதானத்தின் கீழ் ஊர்வலமாக வருவார். அது பத்திரமாகத் திரும்பி வரும் என்பதற்கு அரசர் தரப்பில் நான்கு பிரபுக்களைப் பிணையாக ஒப்படைக்க வேண்டும். நாட்டையே ஆளப்போகிறவன் ஒரு சீசாவுக்காக ஆள் அடமானம் வைக்கிறான்.

பேராலயத்தை ஒட்டிய பேராயர் மாளிகைக்கு, அதன் வடிவம் கிரேக்க எழுத்துத் 'தோ'வைப் போல இருந்ததால், 'தோ' அரண்மனை என்று பெயர். முந்தைய இரவு அரசர் இங்கே தங்குவார். காலையில் இரண்டு ஆயர்கள் வந்து அறைக் கதவைத் தட்டுவார்கள். "யாரைத் தேடுகிறீர்கள்?" "அரசரை." "அரசர் உறங்குகிறார்." இரண்டாம் முறையும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை, கடவுள் நமக்கு அரசராகத் தந்த இன்னாரைத் தேடுகிறோம் என்று பெயர் சொல்லிக் கேட்டதும் கதவு திறக்கும். உள்ளே அவர் முழு உடையில், விழித்த கண்களோடு கட்டிலில் படுத்திருப்பார்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பணம் யார் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பெருமளவு ஊர்மக்கள்தான். அந்த விருந்துக்கும் அலங்காரத்துக்கும் வரி கட்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பேராலயம் கட்டும்போதே, 1233-இல், நகரத்தார் பேராயரின் ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்ததில் வேலை சில ஆண்டுகள் நின்றுபோனது.

இந்தப் பின்னணியில் ழான் தார்க்கின் செயலை வைத்துப் பார்த்தால்தான் அவளுடைய அரசியல் கூர்மை தெரியும். 1420-இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி பிரெஞ்சு அரியணை ஆங்கிலேய வம்சத்துக்குப் போக வேண்டியது. பாரீஸ் அவர்கள் பக்கம். மரபுவழிக் கிரீடமும் செங்கோலும் சான்-தெனி மடத்தில், எதிரியின் பிடியில். ஏழாம் சார்ல் என்று பின்னாளில் அழைக்கப்பட்டவனிடம் இருந்ததெல்லாம் தயக்கம் மட்டுமே. அவள் அவனைப் பாரீஸுக்கு இழுத்துச் செல்லாமல், எதிரி நிலத்தின் ஊடாக ரான்ஸுக்கு அழைத்து வந்தாள். 1429 ஜூலை 16 மாலை ஊருக்குள் நுழைந்தார்கள்; ராவோடு ராவாக ஏற்பாடுகள் நடந்தன; 17-ஆம் தேதி ஞாயிறன்று, கைக்குக் கிடைத்த ஒரு கிரீடத்தோடு சடங்கு முடிந்தது. எண்ணெய் அசலானது, அது போதும். இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலேயர்கள் தங்கள் சிறுவன் ஆறாம் ஹென்றிக்குப் பாரீஸ் நோத்ர் தாமில் ஆடம்பரமாக முடிசூட்டினார்கள். ஆனால் தைலம் ரான்ஸினுடையது அல்ல. பேராலய முன்றிலில் அவள் குதிரைமீது வாளுயர்த்தி நிற்கும் வெண்கலச் சிலை போல் துய்புவா என்ற சிற்பி செய்தது, 1896-இல் வைக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பூங்காவில் நின்றவளை இங்கே குதிரைமேல் பார்த்தபோது, பக்கத்து வீட்டு அக்காவை வெளியூர்த் திருவிழாவில் சந்தித்தது போல இருந்தது.

அந்தக் குப்பியின் முடிவு 1793 அக்டோபர் 7. புரட்சி அரசின் பேரவை உறுப்பினர் பிலிப் ருய்ல் ரான்ஸுக்கு வந்து, குப்பியைக் கொண்டுவரச் செய்தார். இப்போதும் அரச சதுக்கம் என்று பெயர் தாங்கும் இடத்தில் பதினைந்தாம் லூயியின் சிலை அதற்கு முன்பே கீழே இறக்கப்பட்டுவிட்டது. காலியாக நின்ற அதன் பீடத்தின்மேல் குப்பியை வைத்துச் சுத்தியலால் நொறுக்கினார். மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் முதல் நாளே ஒரு குருவும் நகராட்சிக்காரர் ஒருவரும் உள்ளிருந்த பொருளில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்துப் பதுக்கிவிட்டார்கள். 1825-இல் பத்தாம் சார்லுக்கு அந்தச் சுரண்டலைக் கொண்டே அபிஷேகம் நடந்தது. ஐந்தே ஆண்டுகளில் அவர் பதவியிழந்து நாட்டைவிட்டு ஓடினார். அரசரைக் கொன்றுவிட்டு, நெப்போலியனையும் பார்த்துவிட்ட மக்களுக்கு முன்னால் அந்தச் சடங்கு பழைய நாடகத்தைப் புது வேடத்தில் போட்டது போலத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவருக்காகச் செய்த புதிய குப்பியையும் பொன் பேழையையும் 'தோ' அரண்மனையின் காட்சியகத்தில் அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத ஒன்றுக்காகவா இவ்வளவு அமர்க்களம் என்று அவருக்குத் தாங்கவில்லை. "இந்தச் சீசாவுக்கா இவ்வளவு பாடுப்பா? நம்ம வீட்டு கோடாலித் தைலம் இதைவிடப் பெருசு" என்றார். அந்த அரண்மனை பின்னர் 2022-இன் கடைசியில் நீண்ட புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது. போக நினைப்பவர்கள் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

பேராலயத்தின் அளவுகளைச் சொல்லித்தான் எல்லாரும் தொடங்குவார்கள்: 1211-இல் அடிக்கல், ஏறக்குறைய 149 மீட்டர் நீளம், எண்பது மீட்டரைத் தாண்டும் இரட்டைக் கோபுரங்கள், 2,303 சிலைகள். எனக்கு அதன் தரையில் இல்லாமல் போன ஒன்றின்மேல்தான் பிடிப்பு. நடுக்கூடத்தின் தரையில் எண்கோண மூலைகளோடு ஒரு சுற்றுவழிக் கோலம் கல்லால் பதிக்கப்பட்டிருந்தது. அதன் மூலைகளில் இந்த ஆலயத்தைக் கட்டிய நான்கு தலைமைச் சிற்பிகளின் உருவங்கள் இருந்தன. ழான் தோர்பே, ழான் லெ லூ, கோஷே, பெர்னார் என்ற பெயர்கள் நமக்குத் தெரிவது அந்தக் கோலத்தைப் பார்த்து முன்பே எழுதி வைத்தவர்களால்தான். பூசை நடக்கும்போது பிள்ளைகள் அந்த வழியில் ஓடி விளையாடிச் சத்தம் போடுகிறார்கள் என்று சொல்லி, 1779-இல் ஆலயத்தின் குருக்களே அதைப் பெயர்த்தெறிந்தார்கள். புரட்சிக்காரர்களும் இல்லை, எதிரிப் படையும் இல்லை. இன்று பிரான்ஸ் முழுவதும் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம் என்பதற்கு அடையாளமாகக் கட்டடங்களில் மாட்டியிருக்கும் சின்னம், பாதுகாக்காமல் விட்ட அந்தக் கோலத்தின் வடிவமே.

முகப்பில் இடப்பக்க வாசலில் நிற்பது 'சிரிக்கும் சம்மனசு', அதாவது சிரிக்கும் தேவதூதர். பதின்மூன்றாம் நூற்றாண்டு, இறக்கை விரித்து, தலையைச் சற்றே சாய்த்து, எதையோ அறிந்து வைத்திருப்பவர் போன்ற சிரிப்பு. முதல் முறை போனபோது நான் ஆவலாகப் படமெடுத்தது இதை அல்ல, நடு வாசலில் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் கபிரியேலை; அவரும் சிரிக்கிறார், பாதிப் பேர் அவரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இடது வாசல் சம்மனசின் தலை ஒருமுறை கீழே விழுந்து துண்டுகளான தலை என்பதை அறிந்த பிறகு அந்தச் சிரிப்பைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

1914 செப்டம்பர் 19. ஜெர்மானியப் படை சில நாட்களுக்கு முன்தான் நகரை விட்டுப் பின்வாங்கி, சுற்றியிருந்த மேடுகளில் பீரங்கிகளை நிறுத்தியிருந்தது. பழுதுபார்ப்புக்காக வடக்குக் கோபுரத்தில் கட்டியிருந்த மரச்சாரத்தில் குண்டு விழுந்து தீப்பற்றியது. அங்கிருந்து தீ ஓக் மரக் கூரைக்குத் தாவியது. கீழே வைக்கோல் பரப்பில் படுத்திருந்தவர்கள் காயம்பட்ட ஜெர்மானிய வீரர்களே; வைக்கோலும் எரிந்தது. கூரைமேல் வேய்ந்திருந்த ஈயம் உருகி, மழைத் தண்ணீர் வெளியேற வேண்டிய பூதத் தலைகளின் வாய் வழியாக வழிந்தது. அப்படி ஈயத்தை விழுங்கிக் கக்கி உறைந்துபோன ஒரு கல் தலையைத் 'தோ' அரண்மனையில் கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். திறந்த வாய், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டி. அதற்கு முன்னால் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

சாரத்தின் எரிந்த மரம் ஒன்று விழுந்ததில் சம்மனசின் தலை முறிந்து கீழே சிதறியது. ஒரு பாதிரியார் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்தினார். பாரீஸ் காட்சியகத்தில் அந்தச் சிலைக்கு முன்பே எடுத்து வைத்திருந்த வார்ப்பு ஒன்று இருந்ததால், அதைப் பார்த்துத் துண்டுகளைச் சேர்த்து, 1926 பிப்ரவரியில் தலையை மறுபடி உடலில் பொருத்தினார்கள். அதற்குள் அந்தத் தலை இல்லாத சிலையின் படம் பிரெஞ்சுப் பிரசாரத்தின் ஆயுதமாக உலகம் சுற்றிவிட்டது. போருக்கு முன் ஆயிரக்கணக்கான சிலைகளில் ஒன்றாக நின்றதை ஊரின் முகமாக்கியது அதன்மேல் விழுந்த அடிதான்.

கூரையைத் திரும்பக் கட்டியவர் ஆன்ரி தெனு என்ற ரான்ஸ்காரரான கட்டடக் கலைஞர். அத்தனை ஓக் மரத்துக்கு எங்கே போவது? அவர் மரத்தையே விட்டுவிட்டார். பதினாறாம் நூற்றாண்டின் பிலிபேர் தெ லோர்ம் என்ற கலைஞர் சிறு பலகைகளைக் கோத்துப் பெரிய கூரை அமைக்கக் காட்டிய முறையைக் கையிலெடுத்து, கம்பி வைத்த சிமெண்டில் சிறுசிறு துண்டுகளாக வார்த்து, அவற்றை ஓக் மர ஆப்புகளால் இறுக்கிக் கோத்தார். இனித் தீப்பிடிக்காது, ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். அமெரிக்கச் செல்வர் ராக்ஃபெல்லர் பெரும் நன்கொடை கொடுத்தார். 1938 ஜூலையில்தான் ஆலயம் முழுமையாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு போர். கோபுரத்துக்கு மேலேறும் வழியில் 250 படிகளைத் தாண்டி இந்தக் கூரையின் உள்வயிற்றைப் பார்க்கலாம். வெளியே கோதிக் கல்லும் உள்ளே சிமெண்டுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த கட்டுமானம் அதுதான்.

போர்க்காலத்தில் மக்கள் எங்கே போனார்கள்? பூமிக்கடியில். ரான்ஸின் அடிநிலம் சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணக்கல். அதைக் கட்டடக் கல்லுக்காகப் பழங்காலத்திலிருந்தே வெட்டியெடுத்ததில், மேலே கிணற்று வாய் போலக் குறுகி அடியில் கூடாரம் போல விரியும் பெருங்குழிகள் உண்டாயின. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஷாம்பெயின் வணிகர்கள் இவற்றை இணைத்துப் பாதாள அறைகளாக்கிக்கொண்டார்கள். அங்கே வருடம் முழுவதும் வெப்பநிலை பத்து, பன்னிரண்டு டிகிரிக்குள் நிற்கிறது, மதுவுக்கு அதுதான் வேண்டும். 1914 டிசம்பர் முதல் அதே அறைகளில் பள்ளிக்கூடங்கள் நடந்தன. பிள்ளைகள் குண்டுச் சத்தத்துக்கு அடியில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள், தளபதிகளின் பெயரை அந்தப் பள்ளிகளுக்கு வைத்தார்கள். 1917 வசந்தத்தில் நகரைக் காலிசெய்யச் சொல்லும் வரை பலர் மேலே வெளிச்சத்துக்கு வருவதே அரிதாக இருந்தது. பொம்மரி நிறுவனத்தின் பாதாளத்துக்கு 116 படிகள். அம்மா மூட்டு வலியோடு ஒவ்வொன்றாக இறங்கி, கீழே கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "இங்கயா புள்ளைங்களை உக்காத்தி வெச்சாங்க" என்று சுவரைத் தொட்டுப் பார்த்தார். வழிகாட்டி புட்டிகளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு போனார். ஷாம்பெயினை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய குன்றுகளும் அறைகளும் அவை. ஆனால் வருகிறவர்களில் பலர் ரயிலிலிருந்து நேராக அங்கே போய்விட்டு, இரண்டு கிண்ணத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

மேலே, நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு இடிந்துவிட்டது என்று சொல்வார்கள். அதனால் அரச நகரம் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது: தெருக்கள் பெரும்பாலும் 1920-களின் கட்டடங்கள். நான் அந்த ஏமாற்றத்தைத் தாண்டி வந்துவிட்டேன். பேராலயத்துக்குப் பின்புறம் 1928-இல் திறந்த கார்னகி நூலகத்துக்குள் ஒருமுறை நுழைந்து, வாசல் கூடத்தின் கண்ணாடி விளக்கையும் பளிங்கையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சனிக்கிழமைக் காலையில் பூலங்ரன் சந்தைக்குப் போனால், ஏழு சென்டிமீட்டர் தடிப்பே உள்ள சிமெண்டு வளைவுக் கூரையின் கீழே முள்ளங்கியும் பாலாடைக் கட்டியும் விற்கிறார்கள். 1929-இல் திறந்து, 1988-இல் மூடி, இடிப்பதா வேண்டாமா என்று இழுபட்டு, 2012-இல் மீண்டும் திறந்த சந்தை அது. ஊரின் இளஞ்சிவப்பு ரொட்டிப் பிஸ்கட்டை அங்கே வாங்கினோம். இரண்டு முறை சுட்டுக் காய வைத்தது, ஷாம்பெயினில் தோய்த்துத் தின்பது முறை. அம்மா பிளாஸ்கிலிருந்த பால் டீயில் தோய்த்தார். அதில் அது கரையாமல் நின்றதற்குத் தனியாக ஒரு பாராட்டும் கிடைத்தது.

நகர மையத்திலிருந்து விலகி, ஷாம்பெயின் பூங்காவில், 'கறுப்புப் படை வீரர்களுக்கு' எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. 1918-இல் ரான்ஸைக் காக்கப் போரிட்டவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்கள் பலர். அவர்களுக்காக 1924-இல் வைத்த வெண்கலச் சிலைத் தொகுதியை 1940-இல் நகரைப் பிடித்த நாஜிப் படை பெயர்த்துக்கொண்டு போனது. அதன் இணைச் சிலை மாலி நாட்டின் பமாகோவில் தப்பியிருந்தது. அந்தச் சிலையைப் போன்றதொரு பிரதி 2013-இல்தான் ரான்ஸில் நிறுத்தப்பட்டது. சுற்றுலா வரைபடத்தில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. காலனி நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சிலை திரும்பி வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனதை, புதுச்சேரிக் கடற்கரையின் போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டித் தினமும் பள்ளிக்குப் போன எனக்குச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புச் செங்கல் பள்ளிக்கூடம். 1945 மே 7 அதிகாலை 2:41 மணிக்கு ஜெர்மனியின் சரணாகதியில் தளபதி யோடல் கையெழுத்திட்ட அறை அங்கேதான் இருக்கிறது. சுவரெல்லாம் போர் வரைபடங்கள், நீண்ட மேசை, நாற்காலிகள். அறையைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். பதினேழு ஆண்டு கழித்து, 1962 ஜூலை 8 அன்று, பிரெஞ்சு அதிபர் தெ கோலும் ஜெர்மானியத் தலைவர் அடெனாவரும் பேராலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பூசை கண்டார்கள். அதைச் சொல்லும் கல், வாசலுக்கு வெளியே தரையில், இரண்டு மொழியில் பதிந்திருக்கிறது. மிதித்துக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே போகிறார்கள்.

உள்ளே கிழக்குக் கோடியின் நடுச் சிற்றாலயத்தில் ஓவியர் ஷகாலின் நீலக் கண்ணாடிகள். 1974-இல் வைத்தவை; அவற்றைச் செய்தது, பல தலைமுறைகளாக இந்த ஆலயத்தின் கண்ணாடிகளைப் பேணிவந்த சிமோன் குடும்பத்தின் பட்டறை. ஷகால் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர், 1941-இல் பிரான்ஸிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா போனவர். நடுவில் ஆபிரகாமும் கிறிஸ்துவும். வலப்பக்கத்தில் குளோவிஸின் திருமுழுக்கும் ழான் தார்க்கும் நீலத்துக்குள் மிதக்கிறார்கள். இதற்கு இருபுறமும் 2011-இல் வந்த சிவப்பு, மஞ்சள், நீலச் சில்லுகளைச் செய்தவர் இமி க்னோபல், ஜெர்மானியர். எந்த உருவமும் இல்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகளை அள்ளி எறிந்தது போன்ற தோற்றம். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. மாலை வெயில் சாயும் நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

கடைசியாகப் புனித ரெமி ஆலயத்துக்குப் போனோம், அந்தக் குப்பி புறப்பட்ட இடத்துக்கு. 1049-இல் ஒன்பதாம் லியோ பாப்பரசரே வந்து அர்ச்சித்த ஆலயம். பேராலயத்தைவிடப் பழையது, இருட்டானது, ஆள் குறைவு. இதுவும் முதல் உலகப்போரில் கூரை விழுந்து, 1950-கள் வரை மெல்ல மெல்லத் திரும்பக் கட்டப்பட்டது. புனிதரின் கல்லறைக் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி அமைத்தது. நடுக்கூடத்தின் உயரத்திலிருந்து ஒரு பெரிய வட்ட விளக்கு சங்கிலிகளில் தொங்குகிறது. புனித ரெமி வாழ்ந்ததாகச் சொல்லும் 96 ஆண்டுகளுக்கு 96 மெழுகுத் திரிகள். பழைய விளக்கு புரட்சிக்காலத்தில் போய்விட்டது. இப்போது தொங்குவது பின்னால் செய்து மாட்டியது.

அம்மா அதன் நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டியதும் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோய்விட்டது. ரயிலுக்கு ஐம்பது நிமிடம்தான் இருக்கிறது என்றேன். "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்த சிவப்புப் பிஸ்கட் பொட்டலத்தை என் மடியில் வைத்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.